கருஞ்சீரகம் ஈரல் புற்றுநோயைக் கொல்லுமா? மாமாவுக்கு எண்ணெய் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாமாவுக்கு 62 வயது, நெடுநாளாகச் சலரோகம், இப்போது ஈரலில் புற்றுநோய் என்று ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. நாடி வழியாக மருந்தைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். இதற்கிடையில் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: கருஞ்சீரகம் ஈரல் புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகமே கண்டுபிடித்துவிட்டது என்று. மாமி கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். எண்ணெயைக் கொடுக்கலாமா, சிகிச்சையை ஒரு மாதம் தள்ளிப்போட்டுப் பார்க்கலாமா, வீட்டிலுள்ள மற்றவர்களும் தடுப்புக்காகக் குடிக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். தள்ளிப்போட வேண்டாம். ஈரல் புற்றுக்கட்டி சில மாதங்களிலேயே இருமடங்காகக் கூடியது. அதைவிட முக்கியம், இந்தச் சிகிச்சையைத் தாங்குவதற்கு மிச்ச ஈரல் ஓரளவு நன்றாக வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இன்றைக்கு அந்த நிலையில் இருப்பதால்தான் நாள் குறித்திருக்கிறார்கள். மஞ்சட்காமாலை ஏறி, வயிற்றில் நீர் கட்டிய பிறகு போனால் அதே டொக்டர் அதே சிகிச்சையைச் செய்யத் தயங்குவார். கிடைத்திருக்கும் இந்த வாய்ப்பு மறுபடி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நான் டொக்டர் இல்லை. கலவளர்ப்பு ஆய்வுகூடத்தில் பல வருடங்கள் இதே மாதிரிப் பரிசோதனைகளைச் செய்தவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

வட்ஸ்அப் செய்தியை முழுப் பொய் என்று ஒதுக்க முடியாது. அதில் சொல்லப்படும் ஆய்வு நம் நாட்டு ஆய்வாளர்கள் உண்மையாகவே செய்தது, நல்ல ஆய்வும் கூட. இலங்கையில் பரம்பரை வைத்தியக் குடும்பம் ஒன்று புற்றுநோயாளிகளுக்கு ஒரு கசாயம் கொடுத்து வந்தது. அதில் மூன்று மூலிகைகள்: கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கு. சிங்களத்தில் இவை கலுதுரு, இரமுசு, சீன அல. பேராசிரியர் ஐரா தப்ரூவும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தக் கசாயத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும், பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவனத்திலும் இந்த வேலை பல வருடங்களாகத் தொடர்ந்தது. 2005இல் வெளியான ஆய்வில் இக்கசாயம் ஹெப் ஜி2 என்ற ஈரல் புற்றுக் கலங்களைக் கொன்றது. அளவு கூடக் கூட இறப்பும் கூடியது. மூன்று மூலிகைகளையும் தனித்தனியாகப் பார்த்தபோது கருஞ்சீரகத்துக்குத்தான் வீரியம் அதிகம், அடுத்தது நன்னாரி, கடைசியாகத்தான் அந்தக் கிழங்கு. பின்வந்த ஆய்வுகளில், கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பாதை தூண்டப்படுவதையும் காட்டினார்கள். சாவுக்குத் தள்ளும் பக்ஸ் புரதம் கூடுகிறது, சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 குறைகிறது, கலத்தை உள்ளிருந்தே வெட்டிச் சிதைக்கும் காஸ்பேஸ் நொதியங்கள் வேலையைத் தொடங்குகின்றன.

சரி, இவ்வளவும் உண்மையென்றால் மாமாவுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். அதற்கு ‘கலங்களைக் கொன்றது’ என்ற வரிக்குப் பின்னால் மேசையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்று. அதில் 96 சிறு குழிகள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் கலங்களை விட்டு, ஊட்டத் திரவம் ஊற்றி, 37 பாகை வெப்பத்தில் ஓர் இரவு வைப்போம். கலங்கள் அடியில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மருந்தை வெவ்வேறு செறிவில் விடுவோம். சில குழிகளில் மருந்தே இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். 24 மணித்தியாலம் கழித்து எம்.ரீ.ரீ. என்ற மஞ்சள் நிற உப்பைச் சேர்ப்போம். உயிருள்ள கலத்தின் நொதியங்கள், பெரும்பாலும் கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பான இழைமணியில் இருப்பவை, அந்த மஞ்சளை ஊதா நிறப் பளிங்காக மாற்றும். செத்த கலம் மாற்றாது. பளிங்கைக் கரைத்து, ஊதா எவ்வளவு கடுமை என்று கருவியில் அளந்தால் எத்தனை கலம் உயிரோடிருக்கிறது என்று கணக்கிடலாம். மருந்து போடாத குழிகள் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும், செறிவு கூடிய வரிசைகள் வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் மஞ்சளாகவே இருக்கும். அந்தத் தட்டைக் கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு நம்பிக்கை வராமல் இருக்காது. எனக்கும் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது.

ஆனால் மூலிகைச் சாறுகளோடு வேலை செய்யும்போது இந்த நிறம் ஏமாற்றும். சில சாறுகளில் உள்ள இரசாயனங்கள், கலமே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கிவிடும். இழைமணியை மட்டும் மந்தமாக்கும் பொருளாக இருந்தால், கலம் சாகாமலே நிறம் குறையும். 2005 ஆய்வுக்காரர்கள் எம்.ரீ.ரீ.யோடு நிற்காமல், கலப் புரதத்தை அளக்கும் எஸ்.ஆர்.பி. முறையையும் பயன்படுத்தினார்கள். அதனால்தான் அந்த முடிவை நான் மதிக்கிறேன். இணையத்தில் சுற்றும் பல ‘மூலிகை புற்றைக் கொன்றது’ ஆய்வுகளில் இந்த இரண்டாவது பரிசோதனை இருக்காது.

இனி அந்தப் பொருளைப் பற்றி. கருஞ்சீரகத்தில் ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது தைமோகுயினோன் என்ற மூலக்கூறு. 1963இல் விதையின் ஆவியாகும் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சிறிய மூலக்கூறு, அதன் மூலக்கூற்று நிறை 164 தான். குயினோன் என்ற இரசாயனக் குடும்பத்தின் குணமே இலத்திரனை வாங்கிக் கொடுத்து விளையாடுவது. கலத்துக்குள் போன தைமோகுயினோன் ஒரேயடியாக இரண்டு இலத்திரனைப் பெற்றால் தைமோஐதரோகுயினோன் ஆகி, கலத்தைப் பாதுகாக்கும் பக்கம் நிற்கிறது. ஓர் இலத்திரனை மட்டும் பெற்றால் அரைகுறை வடிவமாகி, அதை ஒட்சிசனிடம் தள்ளிவிட்டுக் கலத்தைச் சேதப்படுத்தும் ஒட்சிசன் வடிவங்களை உண்டாக்குகிறது. கலத்தின் காவலாளியான குளூட்டாதயோனோடும் நேராகவே சேர்ந்து அதன் கையிருப்பைக் குறைக்கிறது. குறைந்த செறிவில் முதல் முகம், கூடிய செறிவில் இரண்டாவது முகம். ‘ஈரலைப் பாதுகாக்கும்’ என்று ஒரு கட்டுரையும் ‘ஈரல் புற்றைக் கொல்லும்’ என்று இன்னொரு கட்டுரையும் சொல்வது இதனால்தான். இரண்டும் உண்மை, செறிவுதான் வேறு. ஆகவே எந்தச் செறிவு மாமாவின் கட்டிக்குப் போய்ச் சேரும் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

அதற்கு முன் ஹெப் ஜி2 பற்றி இரண்டு வார்த்தை. 1970களில் 15 வயதுப் பையன் ஒருவனின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த கலங்கள் இவை. உலகம் முழுக்க ஈரல் புற்று ஆய்வுகளில் பாதிக்கு மேல் இவற்றில்தான் நடக்கிறது என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு பரவல். நெடுங்காலம் இதைப் பெரியவர்களுக்கு வரும் ஈரற்கலப் புற்று என்றே எழுதினார்கள். 2009இல் மூலக் கட்டியின் பதிவுகளை மீண்டும் பார்த்தபோது, அது சிறுவர்களுக்கு வரும் வேறு வகை ஈரல் கட்டி என்று தெளிவானது. போதாக்குறைக்கு ஹெப் ஜி2 கலங்களில், கெட்டுப்போன கலத்தைச் சாகவைக்கும் பி53 என்ற காவல் பரம்பரையலகு பழுதாகவில்லை. பெரியவர்களின் ஈரல் புற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அது பழுதாகியிருக்கும். அந்தப் பரம்பரையலகே இல்லாத ஹெப் 3பி, அது பிறழ்ந்த ஹூ 7 போன்ற வேறு கலங்களும் இருக்கின்றன, கவனமான ஆய்வாளர்கள் இவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இன்னொன்று, ஹெப் ஜி2 கலங்களில் மருந்துகளை உடைக்கும் நொதியங்கள் மிகக் குறைவு. நிஜ ஈரலோ அந்த வேலைக்கென்றே இருப்பது. தட்டில் 24 மணித்தியாலம் அப்படியே நின்ற பொருள், நிஜ ஈரலில் அவ்வளவு நேரம் நிற்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். தட்டில் தைமோகுயினோன் ஹெப் ஜி2 கலங்களைக் கொல்லத் தேவைப்படுவது பொதுவாகப் பத்துக்கணக்கான மைக்ரோமோல் செறிவு. 50 மைக்ரோமோல் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் வரும். ஒரு மனிதரின் உடம்பில் ஓடும் 5 லீற்றர் இரத்தத்துக்கு 40 மில்லிகிராம். பார்க்கச் சின்னத் தொகை. எண்ணெயில் 1 வீதம் தைமோகுயினோன் இருக்கிறது என்று வைத்தால் ஒரு தேக்கரண்டியிலேயே அவ்வளவு வந்துவிடும். பிறகென்ன தடை?

தடை இரத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. தட்டில் நாம் ஊற்றும் திரவத்தில் புரதத்தைக் கொண்டுவரும் கன்றுக்கருவின் குருதித் தெளியம் வழக்கமாக 10 வீதம்தான். மனித இரத்தத்தில் புரதம் அதைப்போலப் பல மடங்கு. தைமோகுயினோன் இரத்தப் புரதங்களோடு 99 வீதத்துக்கு மேல் ஒட்டிக்கொள்கிறது. புரதத்தில் ஒட்டும் மருந்துகள் ஏராளம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், அது சரிதான். ஈரல் புற்றுக்குக் கொடுக்கும் சொராஃபெனிப் என்ற குளிசையும் அந்த அளவுக்கு ஒட்டும். ஆனால் அது ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். தைமோகுயினோன் அல்புமின் புரதத்தின் கந்தகப் பகுதியோடு நிரந்தரமான இரசாயனப் பிணைப்பையே ஏற்படுத்திக்கொள்கிறது. இதைத் தட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். தைமோகுயினோனை முதலில் அல்புமினோடு கலந்து வைத்துவிட்டுக் கலங்களுக்குக் கொடுத்தால், கொல்லும் குணம் போய்விடுகிறது. நம் இரத்தத்தின் திரவப் பகுதியில் மிக அதிகமாக இருக்கும் புரதம் அல்புமின்தான். அதற்கும் முன்னால் குடல், குடலிலிருந்து நேரே ஈரல், அங்கே உடைப்பு, மிச்சம் உடம்பு முழுக்கப் பரவல். கட்டியிருக்கும் இடத்தில் சுதந்திரமாக நிற்கும் தைமோகுயினோன் தட்டில் இருந்ததன் அருகில்கூட வராது.

இதை வெறும் கணக்காக விடாமல் மனிதரிடமும் பார்த்திருக்கிறார்கள். சவூதி அரேபியாவில், வேறு சிகிச்சைகள் பலிக்காமல் போன முற்றிய புற்றுநோயாளிகளுக்குத் தைமோகுயினோனை வாயால் கொடுத்து நடத்திய முதற்கட்ட ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு நாளைக்கு 75 மில்லிகிராமில் தொடங்கி 2600 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். நாம் மேலே போட்ட 40 மில்லிகிராமோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நோயாளிகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள், பெரிய பக்கவிளைவு இல்லை. கட்டிகளும் அசையவில்லை. முதற்கட்ட ஆய்வு பாதுகாப்பைப் பார்ப்பதற்கானது, சின்ன ஆய்வு, ஆகவே இதோடு கதை முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு போத்தல் எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நம்பிக்கையைத் தேடும் குடும்பத்துக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். வட்ஸ்அப் செய்தி எழுதுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை.

எலிகளில் நடந்த வேலையும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதே மூன்று மூலிகைக் கசாயத்தை வைத்து 2003இலும் 2006இலும் வெளியானவை. எலிகளுக்கு டைஎதில்நைட்ரோசமீன் என்ற புற்றூக்கியைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கசாயத்தைத் தொடர்ந்து கொடுத்தார்கள். ஈரலில் புற்றாக மாறக்கூடிய ஆரம்பப் புள்ளிகள் குறைந்தன. எனக்கு இந்த முழு ஆய்வு வரிசையிலேயே மிக நம்பிக்கை தரும் பகுதி இதுதான். ஆனாலும் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்: புற்று உருவாகும் ஆரம்பத்தில் அது தடைபடுகிறது. உருவாகி, இரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டு, ஸ்கேனில் தெரியும் அளவு வளர்ந்த கட்டி கரைகிறது என்பதல்ல. உங்கள் மாமா இருப்பது இரண்டாவது நிலையில்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். விதை, எண்ணெய், கசாயம், தைமோகுயினோன் எல்லாம் ஒன்றில்லை. விதையில் மூன்றில் ஒரு பங்கு சாதாரணக் கொழுப்பெண்ணெய், தைமோகுயினோன் இருக்கும் ஆவியாகும் எண்ணெய் மிகச் சொற்பம். அதுவும் வெளிச்சத்திலும் சூட்டிலும் உடையக்கூடியது, நீராவியோடு எழும்பிப் போகக்கூடியது. எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றவைத்த கசாயத்தில் வேலை செய்வது பெருமளவு தைமோகுயினோனாக இருக்க வேண்டும் என்றில்லை, நன்னாரியிலும் அந்தக் கிழங்கிலும் உள்ள வேறு பொருட்களும் சேர்ந்திருக்கலாம். கடையில் வாங்கும் எண்ணெயில் தைமோகுயினோன் எவ்வளவு என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும், லேபலில் பெரும்பாலும் இருக்காது. புறக்கோட்டையில் மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் விதைக்கும் அப்படித்தான். கசாயத்தைப் பற்றிய ஆய்வைக் காட்டி எண்ணெய் விற்பது நியாயமில்லை, எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

தாவரத்திலிருந்து புற்றுநோய்க்கு மருந்தே வராதா என்றால், வந்திருக்கிறது. நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தவைதான் வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும். 1960களிலிருந்து வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும் அது இன்றைக்கும் நாளத்தின் வழியாகப் போகிறது. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பக்லிடக்செல் 1992இல் அனுமதி பெற்றது. ஆனால் இலையை அவித்துக் குடித்து யாருக்கும் இரத்தப் புற்றுநோய் குணமாகவில்லை. மூலக்கூறைப் பிரித்து, தூய்மையாக்கி, மில்லிகிராம் கணக்கில் அளந்து, எந்த வழியால் கொடுத்தால் கட்டியை அடையும் என்று கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான நோயாளிகளில் சோதித்த பிறகுதான் மருந்தானது. வின்கிறிஸ்டினைத் தவறுதலாக முதுகுத்தண்டில் செலுத்திவிட்டால் உயிரையே எடுத்துவிடும், அவ்வளவு கடுமை. தைமோகுயினோனுக்கும் அந்த வழி மூடப்படவில்லை. அதை நுண்ணிய கொழுப்புத் துகள்களுக்குள் பொதிந்து அல்புமினிடமிருந்து காப்பாற்றும் முயற்சிகளும், மூலக்கூறைச் சற்று மாற்றிப் பார்க்கும் முயற்சிகளும் உலகில் பல ஆய்வுகூடங்களில் நடக்கின்றன. நம் நாட்டு ஆய்வாளர்களுக்கு இன்னும் பணமும் கருவிகளும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மருந்து ஒன்று மனிதரில் வேலை செய்கிறது என்பதற்கான சான்று எப்படி இருக்கும் என்று தெரிய, சொராஃபெனிப்பையே பாருங்கள். 602 நோயாளிகள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்றுக் குளிசை. மருந்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 10.7 மாதம், மற்றவர்களுக்கு 7.9 மாதம். இந்த மூன்று மாத வித்தியாசம்தான் அப்போது பெரிய முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்டது. 2020 முதல் அதைவிட நன்றாக வேலை செய்யும் எதிர்ப்புச் சக்திச் சிகிச்சைகளும் வந்துவிட்டன. ஈரல் புற்று அவ்வளவு பிடிவாதமான நோய். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அதை அடக்கும் என்று சொல்கிறவரிடம் இந்த மாதிரி ஒரு கணக்கைக் கேளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. சிகிச்சையையும் செய்துகொண்டு, பக்கத்தில் எண்ணெயும் கொடுத்தால் என்ன? கறியில் தாளிக்கும் அளவு, பாணில் தூவும் அளவு கருஞ்சீரகத்தால் ஒன்றும் ஆகாது, மாமா விரும்பினால் சாப்பிடட்டும். மருந்தளவில் எண்ணெயோ மாத்திரையோ கொடுப்பதுதான் பிரச்சினை. கருஞ்சீரகம் சீனியைக் குறைக்கும், சலரோகத்துக்கான குளிசையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறிக் குறையலாம். ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கு நள்ளிரவில் சீனி விழுவது ஆபத்து. கருஞ்சீரகத்துக்கு இரத்தம் உறைவதை மந்தமாக்கும் இயல்பும் உண்டு. ஈரல் நோயால் மாமாவுக்கு, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஏற்கெனவே குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம், சிகிச்சைக்கு நாடியில் துளையிடப் போகிறார்கள். மூன்றாவதாக, ஆரோக்கியமானவர்களுக்குக் கருஞ்சீரகத்தைச் சில நாள் கொடுத்துப் பார்த்தபோது, மருந்துகளை உடைக்கும் முக்கியமான இரண்டு ஈரல் நொதியங்கள் மந்தமானது தெரியவந்தது. அவற்றில் ஒன்று சொராஃபெனிப்பையும் உடைக்கும் நொதியம். பின்னால் மாமாவுக்கு அந்தக் குளிசை தொடங்க வேண்டி வந்தால், அளவு கணக்கே பிசகிவிடலாம்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்ற நினைப்பையும் ஈரல் விஷயத்தில் விட்டுவிட வேண்டும். கொரோனா காலத்தில் மும்பையில் சீந்தில் குடித்த சிலருக்கு ஈரல் வீக்கம் வந்ததை 2021இல் டொக்டர்கள் பதிவுசெய்தார்கள். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளாலும், பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளாலும் ஈரல் பழுதானவர்கள் பல நாடுகளில் உண்டு. நல்ல ஈரல் உள்ளவர் நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடுவார். மாமாவின் ஈரலுக்கு அந்தக் கையிருப்பு இல்லை.

ஆகவே போத்தலை மூடி வையுங்கள். மாமியிடம் கோபப்பட வேண்டாம், அவர் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாமல் செய்த காரியம் அது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போத்தலையும் எடுத்துப்போய் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நிறையக் குடும்பங்கள் திட்டு விழும் என்று மறைத்துவிடுகின்றன, இரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏன் ஏறின என்று தெரியாமல் டொக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இதற்குள் எண்ணெய் கொடுக்கத் தொடங்கியிருந்தால், எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும் சொல்ல வேண்டும். சுதேச வைத்தியமும் வேண்டும் என்று மாமா விரும்பினால், பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். அங்கே போகும்போது ஸ்கேன் அறிக்கையையும் மருந்துச் சிட்டையையும் கொண்டுபோங்கள். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மாமியின் அக்கறைக்கும் வேலை இருக்கிறது. ஈரல் நோயாளிக்குத் தசை கரைவது பெரிய இழப்பு. மீன், முட்டை, பருப்பு என்று புரதம் போதுமான அளவு போகிறதா, இரவு நெடுநேரம் வெறும் வயிற்றோடு படுக்கிறாரா என்று பார்ப்பது எண்ணெயைவிடப் பல மடங்கு உதவும். டொக்டர் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

கடைசியாக, வீட்டிலுள்ள மற்றவர்கள் தடுப்புக்காகக் குடிப்பது. எலி ஆய்வைப் படித்த பிறகு இந்தக் கேள்வி நியாயமானதுதான், ஆனால் மனிதரில் கருஞ்சீரகம் ஈரல் புற்றைத் தடுத்தது என்று காட்டிய சோதனை கிடையாது. மனிதரில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று கோப்பி. தொடர்ந்து கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்று குறைவாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் 2016இல் குறிப்பிட்டது. சீனி அள்ளிப்போட்ட கோப்பியைச் சொல்லவில்லை.

உங்கள் குடும்பத்தில் நான் கவலைப்படுவது ஈரல் கொழுப்பைப் பற்றித்தான். இலங்கையில் ஈரல் புற்று வருபவர்களில் பெரும்பாலானோருக்கு ஹெப்படைடிஸ் வைரஸ் இருப்பதில்லை, பலருக்குச் சலரோகமும் பருமனும் கொழுப்பு ஈரலும்தான் பின்னணி. றாகமைப் பகுதியில் பொதுமக்களிடம் நடத்திய ஆய்வில் மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. மாமாவின் பிள்ளைகளுக்கும், சலரோகம் இருந்தால் உங்கள் அம்மாவுக்கும், ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் ஈரல் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஈரல் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் செய்ய வேண்டும். அப்படிச் செய்கிறவர்களுக்குக் கட்டி வந்தாலும் வெட்டி எடுக்கக்கூடிய சின்ன அளவில் அகப்படும். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி இங்கே குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்ந்தது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்கள் போட்டுக்கொண்டார்களா என்று பாருங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சான் கடலையையும் கொப்பராவையும் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் அஃப்லாடொக்சின் கழுவினாலும் காய்ந்தாலும் போகாது, ஈரல் புற்றை உண்டாக்கும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட நஞ்சு அது.